நம்பர் நாலு, தாயம்மா மகன்

ராயபுரம்
1-10-2024

அன்புள்ள அண்ணன் அமீருதீனுக்குத் தங்கை அஜீசுன்னிசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் மச்சான் காலித்தும் அல்லாஹ் கிருபையால் நலம். ஆம்பூரில் நீ, உன் மகள் சைமா, மாப்பிள்ளை, பேரன் எல்லாரும் நலமா? தொண்டை எப்படி இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல வாயைத் திறந்துவிடுவாய். ஆகையால் கேட்கவில்லை. எழுது.

போனில் நீ அனுப்பியது வந்தது. ஒரு ஆடு, இரண்டு தக்காளி, அழுகிற மூஞ்சி ஒன்று. ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்கிறாயா, பிரியாணி கேட்கிறாயா என்று நானும் உன் மச்சானும் அரை நாள் யோசித்தோம். உனக்குப் போனில் எழுத வராது, எனக்குப் பேசத்தான் வரும். நான் மட்டும் பேசி நீ சும்மா இருந்தால் அது போன் இல்லை, சண்டை. இனிமேல் காகிதம்தான். நான் ஐந்தாவது வரைக்கும் போனவள். பிழை இருந்தால் சைமாவிடம் காட்டிச் சிரிக்கக்கூடாது. தனியாகச் சிரித்துக்கொள். சத்தம் வரக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை பைக் ரேஸ் நடந்தது. பதினெட்டு வருஷத்தில் நீ மைக் பிடிக்காத முதல் ரேஸ். கூட்டம் அலைமோதியது. வள்ளூர் தாண்டி அந்த மூடிப்போன கம்பெனி ரோட்டில் கால் வைக்க இடமில்லை. என் சமோசாக் கடை முன்னால் தள்ளுமுள்ளு. உன் மச்சானுக்குத்தான் மூன்று நாளாகக் காலையும் சமோசா, மதியமும் சமோசா. கொஞ்சம் மீந்துவிட்டது. வேறொன்றும் இல்லை.

ரேஸ் நடத்துகிற நம் டென்னிஸ் உன் இடத்தில் ஒரு புது ஆளைப் போட்டிருக்கிறார். கோட்டு போட்ட ஆள். "லேன் ஒன், நம்பர் நாலு. லேன் டூ, நம்பர் ஒன்பது" என்கிறான். விளக்கு பச்சையாகிறது, இரண்டு வண்டியும் போய்விடுகின்றன. நீயாக இருந்தால் பன்னிரண்டு நொடியில் முடிகிற ஓட்டத்துக்கு இரண்டு நிமிஷம் பேசுவாய். ஓட்டுகிறவன் எந்தத் தெரு, எந்த அம்மா பிள்ளை, அந்த அம்மா என்ன வியாபாரம் என்று கல்யாணப் பத்திரிகை வாசிப்பாய். இப்போது எல்லாம் மூன்று மணிக்கே முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். உன்னால் பதினெட்டு வருஷமாக எனக்கு எத்தனை மணி நேரம் நஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

நிலத்துக்காரர் மதார் சாகிப் டென்னிஸிடம், "பிப்ரவரி ரேஸ் வரிக்கும் பாக்கறேன். கேலரி காலியா கீதுன்னா எடத்த கன்டெய்னர் அடுக்க வுட்டுருவேன்" என்றாராம். சொல்லிவிட்டுப் போகட்டும். நமக்குத்தான் கூட்டம் அலைமோதுகிறதே.

பேரனுக்கு என் முத்தம். மாத்திரையை மறக்காதே. வாயைத் திறக்காதே, சாப்பிட மட்டும் திற.

உன் தங்கை
அஜீசுன்னிசா


ஆம்பூர்
9-10-2024

அன்புத் தங்கை அஜீக்கு, வஅலைக்கும் ஸலாம். மச்சானுக்கும் என் ஸலாம். இங்கு எல்லாரும் சுகம். நானும் சுகம். வேலூரில் டாக்டர் மறுபடி பார்த்தார். பார்த்துக்கொண்டு இருக்கிறார்.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். சத்தம் வராமல் சிரிப்பது கஷ்டமான வேலை.

கூட்டம் வந்தது கேட்டுச் சந்தோஷம். என் காலத்தில் அது தேய்ந்துகொண்டேதான் வந்தது. மூவாயிரம் பேர் இருந்த கேலரி போன வருஷம் ஆயிரத்து ஐந்நூறுக்கு வந்துவிட்டது. எல்லாரும் போனில் பார்த்துக்கொள்கிறார்கள், நாம் என்ன செய்ய என்று டென்னிஸ் சொல்வார். நான் போனதும் கூட்டம் ஏறுகிறது என்றால் குறை எங்கே இருந்தது என்று புரிகிறது.

எம்.கே.பி. நகர் வல்லரசு ஓட்டினானா? அவன் அம்மா தாயம்மா வந்தார்களா? திருவொற்றியூர் கார்குழலி புது வண்டி எடுத்தாளா? புது ஆள் எப்படிப் பேசுகிறார்? விவரமாக எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் எண்ணெய்ச் சட்டி முன்னால் அதிக நேரம் நிற்காதே.

அண்ணன்
அமீருதீன்


ராயபுரம்
29-10-2024

அன்புள்ள அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே இருவரும் நலம். உன் மச்சானுக்கு மட்டும் வயிறு சரியில்லை. காரணம் சமோசா. அங்கே அனைவர் நலமும் அறிய ஆவல்.

முந்தாநாள் ரேஸ் பிரமாதம். போன தடவையைவிடக் கூட்டம். வல்லரசு ஓட்டினான், ஜெயித்தான். தாயம்மா வரவில்லை, கால் வலியாம். கார்குழலி புது வண்டியில் வந்தாள், அரை வண்டி நீளத்தில் தோற்றாள், சிரித்துக்கொண்டே போனாள்.

புது ஆளைப் பற்றிக் கேட்டிருந்தாய். தண்ணீர் மாதிரி பேசுகிறான். ஒரு இருமல் இல்லை, ஒரு கனைப்பு இல்லை. நீ மைக்கில் கனைத்தால் பக்கத்தில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிக்கே தும்மல் வரும். உன்னை ஒருத்தரும் கேட்கவில்லை அண்ணே. "அமீர் பாய் எங்க?" என்று ஒரு குரல் வரவேண்டுமே, கிடையாது. நீ நிம்மதியாக ஆம்பூர் பிரியாணி தின்றுகொண்டு கிட. ரேஸ் நீ இல்லாமல் ஜோராக ஓடுகிறது.

சைமாவுக்கு என் துஆ. அவள் சொன்னபடி நான் நல்ல பிள்ளையாக இருக்கிறேன் என்று அவளிடம் சொல். அவளுக்குப் புரியும்.

தங்கை
அஜீசுன்னிசா


ராயபுரம்
21-11-2024

அன்புள்ள அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நலம், நலமா?

மூன்று வாரம் ஆயிற்று. தபால்காரரைத் தினமும் வாசலில் நிறுத்திக் கேட்டதில், இப்போது அவர் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறார். பேசக்கூடாது என்றுதானே டாக்டர் சொன்னார். எழுதவும் கூடாது என்றாரா?

இங்கே மழை. நம் சந்தில் முட்டி வரைக்கும் தண்ணீர். உன் மச்சான் தன் மெக்கானிக் ஷெட்டில் இருந்த மூன்று ரேஸ் வண்டியையும் மேஜைமேல் ஏற்றிவிட்டு, என்னைத் தரையில் விட்டுவிட்டார். இந்த மாத ரேஸ் கிடையாது. ரோட்டில் மீன் பிடிக்கலாம்.

கோபமா அண்ணே? நான் எழுதியது எதுவும் குத்திவிட்டதா? என் வாய் உனக்குத் தெரியாததா? ஒரு ஆடு படமாவது அனுப்பு.

தங்கை
அஜீசுன்னிசா


ஆம்பூர்
4-12-2024

அன்புத் தங்கைக்கு, ஸலாம். அனைவரும் சுகம். மழையில் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?

கோபம் ஒன்றும் இல்லை. மாப்பிள்ளைக்குத் தெரிந்தவரின் செருப்புக் கடையில் எனக்கு ஒரு இடம் சொல்லியிருக்கிறார்கள். வருகிறவர்களுக்கு அளவு எடுத்துக் கொடுக்கும் வேலை. பேச வேண்டியதில்லை. ஜனவரி கடைசியில் சேரச் சொல்கிறார்கள். இங்கேயே இருந்துவிடலாம் என்று இருக்கிறேன். டென்னிஸுக்கும் எழுதிவிட்டேன். அங்கே எல்லாம் நன்றாகத்தானே நடக்கிறது.

என் மைக் உன் வீட்டுப் பரணில் இருக்கும். புது ஆளிடம் கொடுத்துவிடு. நல்ல மைக்.

மச்சானுக்கு ஸலாம்.

அமீருதீன்


ராயபுரம்
24-12-2024

அன்புள்ள அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உடம்பு நலம். மனது நலமில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் எழுதியது அத்தனையும் பொய்.

செப்டம்பரில் வந்தவர்கள் அறுநூறு பேர்கூட இல்லை. அக்டோபரில் முந்நூறு. முந்தாநாள் நடந்த ரேஸில் நூற்று நாற்பது. அதில் ஓட்டுகிறவர்கள், அவர்கள் மெக்கானிக்குகள், டிக்கெட் கிழிக்கிறவர், நான், உன் மச்சான், ஒரு நாய் எல்லாம் சேர்த்தி. கேலரியில் ஆள் உட்காராத இடத்தில் காக்கை உட்கார்ந்திருந்தது. என் கடையில் அன்று விற்றது இருபத்திரண்டு சமோசா. அதில் ஆறு நான் தின்றது.

ஏன் பொய் எழுதினேன் என்றால், உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த அன்று சைமா போன் செய்தாள். "மாமி, அத்தாவுக்கு ரேஸ் சரியா நடக்கலன்னு தெரிஞ்சா தொண்டைக் கட்ட அவுத்துட்டு மெட்ராஸுக்கு ஓடியாந்துடுவார். சந்தோஷமா எதுனா எழுதுங்க" என்றாள். சந்தோஷமாக எழுதுவதில் நான் கெட்டிக்காரி. எழுத எழுத ருசி வந்துவிட்டது. உன்னை ஒருத்தரும் கேட்கவில்லை என்று எழுதினேன் பார், அது கிண்டல் அண்ணே. அன்று என் கடைக்கு வந்த ஒவ்வொருத்தரும் உன்னைத்தான் கேட்டார்கள். பதில் சொல்லிச் சொல்லி எண்ணெய் தீய்ந்தது.

போன வாரம் தாயம்மாவைப் பார்க்க எம்.கே.பி. நகர் போனேன். பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். கால் வலியாவது ஒன்றாவது. "ரேஸுக்கு ஏன்க்கா வர்ல?" என்றேன்.

"இன்னாத்துக்கு வரணும்? எம்புள்ள பேரையே சொல்லல. நம்பரு நாலாம். ரேசன் கடையிலகூட பேர் சொல்லித்தான் கூப்புடறாங்க" என்றார்கள்.

"உம்புள்ள ஜெயிச்சான்க்கா."

"அத்த போன்லயே பாத்துக்கினேன். பாத்துட்டு பூ கட்ட உக்காந்துட்டேன். முன்னல்லாம் உங்க அண்ணன் 'பன்னெண்டாவது தெரு, பூக்காரம்மா தாயம்மா மகன்'னு சொன்னா, எங்க தெருவே எழுந்து நிக்கும். நாப்பது பேரு வேன் புடிச்சு வருவோம். இப்ப யாரக் கூட்டிகினு வர்றது?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்கள் வண்டியைப் பார்க்க வரவில்லை அண்ணே. அவர்கள் தெருவை உன் வாயால் கேட்க வந்தார்கள். 

டென்னிஸ் உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறார். இன்னும் இரண்டு ரேஸ்தான். பிப்ரவரியிலும் கேலரி இப்படியே கிடந்தால் கன்டெய்னர் வந்து இறங்கிவிடும். மைக் பரணிலேயே இருக்கிறது. தொண்டை ஆறியதும் வா. செருப்பு அளவு எடுக்க ஆம்பூரில் ஆளா இல்லை?

திட்டு. எழுத்தில் திட்டு. பேரனுக்கு முத்தம்.

பொய்க்காரி
அஜீசுன்னிசா


ஆம்பூர்
2-1-2025

அன்புத் தங்கை அஜீக்கு, வஅலைக்கும் ஸலாம். எல்லாரும் சுகம்.

பொய்யில் நான் உனக்கு மூத்தவன். குரல் இனி வராது. செப்டம்பரிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். காற்று வரும், குரல் வராது. உன்னிடம் சொல்லக்கூடாது என்று சைமாவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். ஆறினால் வருவேன் என்று நீ நம்பிக்கொண்டிருந்தால், அந்த நம்பிக்கை இருக்கும்வரை நானும் கொஞ்சம் நம்பலாம் என்று நினைத்தேன். பிறகு உன் அக்டோபர் கடிதம் வந்தது. நான் இல்லாமலே நடக்கிறது என்றால் வந்துதான் என்ன செய்ய என்று விட்டுவிட்டேன். அன்று மாடிக்குப் போய் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். இதை உன்னைக் குத்துவதற்காக எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

கூட்டம் நூற்று நாற்பது என்று படித்ததும் வருத்தப்பட வேண்டும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அல்லாஹ் மன்னிக்கட்டும்.

நீ சொன்ன தாயம்மா பேச்சை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். என் குரலில் ஒன்றும் விசேஷம் இல்லை, அஜீ. நான் செய்ததெல்லாம், ரேஸுக்கு முன்னால் வெள்ளியும் சனியும் ஓட்டுகிறவர்கள் வீட்டுக்குப் போய் ஒரு டீ குடிப்பேன். அம்மா பேர் என்ன, வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்பேன். அதை ஞாயிற்றுக்கிழமை சொல்வேன். அதை யார் சொன்னால் என்ன?

எட்டுப் பேரைப் பற்றி எனக்கு நினைவிருப்பதை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். புது ஆள் நல்லவராகத்தான் இருப்பார். எழுதியதை எழுதியபடி படிக்கச் சொல். செருப்புக் கடைக்காரரிடம் பிப்ரவரி வரைக்கும் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணன்
அமீருதீன்


ராயபுரம்
28-1-2025

அன்புள்ள அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நலம். உன் கடிதம் வந்த அன்று நான் சமைக்கவில்லை. உன் மச்சான்தான் சமைத்தார். இரண்டு துக்கத்தையும் ஒரே நாளில் அனுபவித்தேன்.

உன் காகிதத்தைக் கோட்டுக்காரனிடம் கொடுத்தேன். மரியாதையாக வாங்கிக்கொண்டான். "எம்.கே.பி. நகர் பன்னிரண்டாவது தெரு, பூக்காரம்மா தாயம்மா மகன் வல்லரசு" என்று கரண்டு பில் படிப்பதுபோல் படித்தான். அப்படியும் அந்த மூலையில் நின்ற பத்துப் பேர் கத்தினார்கள்.

அடுத்தது கார்குழலி. "திருவொற்றியூர் மார்க்கெட்டில் இட்லிக் கடை வைத்திருக்கும் தங்கபுஷ்பம் மகள் கார்குழலி. அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறார், ஜெயித்துக் காட்டு" என்று படித்தான்.

விளக்கு பச்சையானது. பக்கத்து வண்டி போய்விட்டது. கார்குழலி வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

தங்கபுஷ்பம் நவம்பர் மழையில் காய்ச்சல் வந்து இறந்துவிட்டார்களாம். உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது. டென்னிஸுக்கும் தெரியாது. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் என்ன லண்டனா? ஒருத்தர் போய் ஒரு டீ குடிக்கவில்லை.

நான் ஓடினேன். கையெல்லாம் மாவு. "பொண்ணே, மன்னிச்சுடுமா. எங்க அண்ணன் பழசு எழுதிட்டாரு. தெரியாம பூட்ச்சு" என்றேன். அவள் தலைக்கவசத்தின் கண்ணாடியை மேலே தூக்கினாள்.

"பரவால்லக்கா. எங்கம்மா போனதுலருந்து அவங்க பேர யாருமே சொல்றதுல்ல. சொன்னா நான் அழுவேன்னு எல்லாம் வாய மூடிக்கிறாங்க. இன்னிக்கு ஊருக்கே கேக்குற மாதிரி சொன்னாங்க." அப்புறம், "அடுத்த தபா சரியா சொல்லச் சொல்லுங்க. இட்லிக் கடை இப்ப நான்தான் போடறேன்" என்றாள்.

வந்தவர்கள் இருநூற்றுப் பத்து. நானே எண்ணினேன், நாயைச் சேர்க்கவில்லை. கோட்டுக்காரன் போகும்போது என்னிடம், "ஆன்ட்டி, இது என்னால முடியாது. எனக்கு அவங்க யாரையும் தெரியாது" என்றான். நல்ல பையன். ஒரு சமோசா சும்மா கொடுத்தேன்.

இனி ஒரு ரேஸ்தான். என்ன செய்வது, சொல். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை
அஜீசுன்னிசா


ஆம்பூர்
5-2-2025

அன்புத் தங்கைக்கு, ஸலாம்.

அந்தப் பெண்ணின் முகத்தை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. அதை எழுதியது என் கை.

ஒன்று மட்டும் புரிந்தது. ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டு இந்த வேலை செய்ய முடியாது. சொல்வதற்குத்தான் குரல் வேண்டும். கேட்டுக்கொள்வதற்கு வேண்டாம். காது இரண்டும் நன்றாக இருக்கிறது. திங்கட்கிழமை காலை ரயிலில் வருகிறேன். பேரன் தன் பழைய நோட்டு ஒன்று கொடுத்திருக்கிறான். முதலில் திருவொற்றியூர் போக வேண்டும்.

நான் எழுதுகிறேன். நீ படி. ஏழு வீட்டுக்குக் கேட்கும் வாய் உனக்கு. சமோசாவை மச்சான் பார்த்துக்கொள்ளட்டும். மைக்கைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வை.

செருப்புக் கடைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன்
அமீருதீன்


ராயபுரம்
25-2-2025

அன்புள்ள சைமாவுக்கு மாமி எழுதுவது. ஸலாம். நீ, மாப்பிள்ளை, குழந்தை நலமா? இங்கே உன் அத்தா நலம். மாத்திரை ஒழுங்காக விழுங்குகிறார். நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். தொண்டையைத் தவிர மற்றதெல்லாம் இளைஞன் மாதிரி வேலை செய்கிறது.

பத்து நாளில் இருபத்தாறு வீடு. உன் அத்தா முன்னால், நான் பின்னால். அவர் நோட்டில் கேள்வி எழுதிக் காட்டுவார். படிக்கத் தெரியாதவர்களுக்கு நான் படித்துச் சொல்வேன். இவருக்குப் பேச்சு வராது என்று தெரிந்ததும் பாதிப் பேர் காதும் கேட்காது என்று நினைத்துக் கத்திப் பேசினார்கள். எண்ணூரில் ஒரு அம்மா கத்திய கத்தலில் பக்கத்து வீட்டார் சண்டை என்று ஓடிவந்துவிட்டார்கள். இவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டிருந்தார். கார்குழலி கடையில் ஏழு இட்லி சாப்பிட்டோம். அங்கே இவர் ஒன்றும் எழுதவில்லை. இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவள்தான், "எழுதிக்கங்க பாய்" என்று எல்லாம் சொன்னாள்.

முந்தாநாள் ரேஸ். மைக் என் கையில். உன் அத்தா பக்கத்தில் நின்று நோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் வேகமாகப் போனால் என் கையைக் கிள்ளுவார். மெதுவாகப் போனாலும் கிள்ளுவார். கை சிவந்துவிட்டது. முதல் பேர் தாயம்மா மகன். நாற்பது பேர் வேனில் வந்திருந்தார்கள். எழுந்து நின்றார்கள். தாயம்மா உட்கார்ந்தே இருந்தார்கள், ராணி மாதிரி.

அப்புறம் நான் படித்தேன். "திருவொற்றியூர் மார்க்கெட், தங்கபுஷ்பம் இட்லிக் கடை. தங்கபுஷ்பம் அம்மா இப்போது இல்லை. அவர் போட்ட அடுப்பு தினமும் காலை நாலரைக்குப் பற்றுகிறது. பற்றவைப்பது அவர் மகள் கார்குழலி." மார்க்கெட்டிலிருந்து வந்தவர்கள் கத்தவில்லை. எழுந்து நின்றார்கள், அவ்வளவுதான். அவள் பச்சை விளக்குக்கு ஒரு நொடிகூடப் பிந்தவில்லை. ஜெயித்தாள். உன் மாமா எண்ணெய்ச் சட்டியை விட்டுவிட்டு ஓடிவந்து பார்த்தார். ஒரு ஈடு சமோசா கரியாகிவிட்டது. அன்றைக்குக் கரியானதும் விற்றது.

ஆயிரத்து முப்பது பேர், சைமா. டிக்கெட் கணக்கு. மாமி வார்த்தையை நம்பவேண்டாம், டென்னிஸைக் கேட்டுக்கொள். மதார் சாகிப் கடைசிவரை நின்று பார்த்தார். பழைய மூவாயிரம் இல்லை என்பது அவருக்கும் தெரியும். "ஆறு மாசம் தரேன். அப்பறம் பாக்கலாம்" என்றார். ஆறு மாதம் என்றால் ஆறு ரேஸ். போதும், இன்னும் ஆயிரம் பேர் வீட்டில் டீ குடித்துவிடுவோம்.

உன் அத்தா இந்தக் காகிதத்தைப் பிடுங்குகிறார். மீதி இடம் அவருக்கு.

மாமி
அஜீசுன்னிசா

சைமா, கண்ணு, ஸலாம். நான் நலம். உன் மாமி சொன்னதில் இந்த முறை பொய் எதுவும் இல்லை. ஏழு இட்லியில் மட்டும் அவள் பங்கு ஐந்து.

என் சட்டைகள் மீதி இருப்பதை அனுப்பிவை. நான் இங்கேயே இருக்கிறேன். நாளைக்கு எர்ணாவூர் போகவேண்டும். அங்கே ஒரு பெண் புதிதாகப் பேர் கொடுத்திருக்கிறாள். அவள் அம்மா யாரிடமும் பேசமாட்டாராம், அவ்வளவு கூச்சமாம். நானும் பேசமாட்டேன். மாமியை வெளியே நிறுத்திவிட்டு நாங்கள் இருவரும் உட்கார்ந்து டீ குடிப்போம். எப்படியும் பேர் தெரிந்துவிடும்.

அத்தா